ஓரத்தில் நின்ற திருவாதிரை

கோணலாக மாட்டிய ஏர்கோனைப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. முப்பது வருடமாக ஈப்போவில் வீடு வீடாக இந்தக் குளிரூட்டும் பெட்டிகளை மாட்டுகிறேன். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, உள்ளே குமிழி ஆடும் விரல் நீள ரசமட்டம் ஒன்று கட்டாயம் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்து தொங்கும் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். இது ஒரு வியாதி என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நான் மறுத்ததில்லை.

இப்படிப்பட்ட ஆள் வானத்தைப் படம் பிடிக்கப் போயிருக்கவே கூடாது. வானத்தில் நேர் என்று எதுவும் கிடையாது. ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரு வீட்டில் ஏர்கோன் கழுவப் போன இடத்தில், வீட்டுக்காரரே எடுத்தது என்று ஒரு படத்தைக் காட்டினார். சிவப்பும் ஊதாவுமாக வானத்தில் புகை பரவியது போல ஒரு மேகம். ஏணியை விட்டு இறங்கி வந்து பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. புந்தோங்கில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால், கடை விளக்கும் தெரு விளக்கும் சேர்ந்து வானம் டீத்தண்ணி நிறத்தில் இருக்கும். அதனால் வேலை முடிந்ததும் வேனை எடுத்துக்கொண்டு நான் பிறந்த பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடுவேன். பால்மரமெல்லாம் போய் இப்போது அங்கே எண்ணெய்க்குப் போடும் செம்பனை. கோயிலும் அதன் முன்னால் ஒரு திடலும்தான் மிச்சம். இருட்டியதும் இரண்டு மணி நேரம் படம் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன். மற்ற வேலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பகலில், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து.

அந்த மற்ற வேலைதான் உயிரை வாங்கும். வானத்தை ஒரே ஒரு படம் எடுத்தால் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. அரை நிமிடப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, மென்பொருளில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அடுக்க அடுக்கத்தான் மங்கலாக இருப்பது துலங்கி வரும். எடுக்கும்போது கேமராவும் வானத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். வீடியோவில் வெள்ளைக்காரர்கள் அதை ஒரு நிமிடத்தில் வைத்துக் காட்டிவிட்டுச் சிரிக்கிறார்கள். அவர்கள் ஊரில் அந்த நட்சத்திரம் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கிறது, சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஈப்போவில் அது அடிவானத்தை ஒட்டிக் கிடக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சுண்ணாம்புக் குன்று, குன்றுக்கு முன்னால் செம்பனை. இந்த ஐந்து வருடத்தில் அந்தத் திடலிலிருந்து துருவ நட்சத்திரத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஆகவே குத்துமதிப்பாகத்தான் வைக்கிறேன். அதனால் ஒவ்வொரு படமும் முந்தியதைவிடக் கொஞ்சம் திரும்பியிருக்கும். மறுநாள் கேமராவைத் திரும்பப் பூட்டும்போது கோணம் இன்னும் மாறும். எல்லாவற்றையும் அடுக்கி முடித்துப் பார்த்தால், தட்டி ஒழுங்கு பண்ணாத பழைய பேப்பர்க் கட்டு மாதிரி நாலு பக்கமும் ஓரம் துருத்திக்கொண்டு நிற்கும். நடுவில் எல்லாப் படமும் சேர்வதால் வழவழப்பாக இருக்கும். ஓரத்தில் நாலைந்துதான் சேரும், அங்கே மணல் தூவியது போலச் சொரசொரப்பு. அந்த ஓரத்தை வெட்டித் தள்ளிவிட்டுப் படத்தை நேராகத் திருப்பி வைப்பதுதான் முதல் காரியம். ரசமட்டத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறவனுக்கு இதைவிடப் பிடித்த வேலை வேறென்ன இருக்கப் போகிறது? ஐந்து வருடமாக யாரையும் கேட்காமல் வெட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த வருடம் தைப்பூசம் முடிந்த வாரம் அக்கா என்னிடம் ஒரு படம் கேட்டாள். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள், சிம்பாங் பூலாயில் இருக்கிறாள். இரண்டு பெண்கள், இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு மகன் பிறந்து, நாலு மாதத்தில் காய்ச்சலில் இறந்துபோனான். எனக்கு அப்போது பதினாறு வயது. அவனைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டோம். பேசினால் அக்கா அழுவாள் என்று முதலில் பேசாமல் இருந்தோம், பிறகு அதுவே பழகிவிட்டது.

திருவாதிரை என்று வானத்தில் உண்மையாகவே ஒரு நட்சத்திரம் இருக்கிறதா, அதைப் படம் பிடிக்க முடியுமா என்று கேட்டாள். மகன் பிறந்த நட்சத்திரம் அது. சாமி அறையில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டுமாம்.

"அவனுக்குன்னு ஒரு படம் இல்லடா. அதாச்சும் இருக்கட்டும்," என்றாள்.

இவ்வளவு வருடத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதுவும் என்னால் முடிந்த ஒன்றைக் கேட்கிறாள். திருவாதிரை கண்ணுக்கு நன்றாகவே தெரியும், ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று நிற்கும். ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எந்த நேரத்தில் கொடுத்தேனோ தெரியவில்லை.

முதல் தப்பு என் பேராசை. திருவாதிரையை மட்டும் எடுத்தால் ஒரு புள்ளிதான் வரும். வெறும் புள்ளியையா சுவரில் மாட்டுவது? அதிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் நான் முதன்முதலில் பார்த்து மயங்கிய அந்தச் சிவப்பு மேகம் இருக்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு மூலையில் மேகம், எதிர் மூலையில் திருவாதிரை, நடுவே வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். மூலைக்கு மூலை இழுத்துக் கட்டிய மாதிரி இடம் சரியாக இருந்தது, ஒரு விரல்கூட மிச்சமில்லை. பதினொரு மாலை தோட்டத்துக்குப் போனேன். நாலு மாலை மழை, மூன்று மாலை மேகமூட்டம். உருப்படியாகக் கிடைத்தது நாலே மாலை.

அடுக்கி, ஓரத்தை மெல்லிசாக வெட்டி, வானத்துப் படங்களுக்கு வழக்கமான முறையில் வடக்கை மேலே வைத்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அரசாங்க ஆபீசில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு வாஸ்துதான் முழுநேர வேலை. அந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டிகூட அவர் சொன்ன திசையைப் பார்த்துத்தான் நிற்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மேல்பக்கம் எந்தத் திசை என்று கேட்டார். வடக்கு என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் முகம் சுருங்கிவிட்டது.

"மச்சான், பச்சப் புள்ளைய வடக்க தலை வச்சுப் போடுவியா?"

இது சுவரில் மாட்டும் படம், யாரும் இதில் படுக்கப் போவதில்லை என்று சொன்னேன். எடுபடவில்லை. சரி, தெற்கை மேலே வைக்கட்டுமா என்றேன். அது எமன் திசை என்றார். மேற்கு? கூடாது. கிழக்கு உத்தமம் என்றார். கிழக்கை மேலே வைத்துப் பார்த்தால் நடுவில் இருக்கும் மூன்று நட்சத்திரங்களும் சரியும் ஏணி மாதிரி நின்றன. அதை என் கண்ணால் தாங்க முடியவில்லை. மனிதன் நாலு மாலை கொசுக்கடியில் நின்று பிடித்துக்கொண்டு வந்தால், உட்கார்ந்த இடத்தில் திசை பார்த்துக்கொண்டிருக்கிறார். இவரோடு பெரிய சுசா, தீராத தொல்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே படத்தை அப்படியும் இப்படியும் திருப்பினேன். நான் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த ஆரஞ்சுப் புள்ளி போகிற பக்கமே அக்காவின் கண்ணும் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எந்தத் திசையும் வேண்டாம், அந்த மூன்று நட்சத்திரங்களையும் ரசமட்டம் வைத்த மாதிரி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். அப்படித் திருப்பினால் மேல்பக்கம் எது என்று மாமா விடாமல் கேட்டார். பார்த்துச் சொன்னேன். வடக்குக்கும் கிழக்குக்கும் நடுவில் விழுகிறது. மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஈசானிய மூலைலா அது! சாமி மூலை. அதையே வச்சிரு மச்சான்."

எனக்கும் நேராக இருந்தது, அவருக்கும் சாமி மூலை கிடைத்தது. ஒருவழியாகத் தீர்ந்தது என்று வீட்டுக்கு வந்தேன். சாய்ந்த தாளிலிருந்து நேரான தாள் ஒன்றை வெட்டினால் நாலு மூலையும் போகும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கொஞ்சம்தானே போகும் என்று நினைத்தேன். அதற்குள் மாமா இரவுச் சந்தையில் தங்க நிறத்தில் பூ வேலை செய்த சட்டம் ஒன்றை வாங்கி, வாங்கியாயிற்று என்று போனில் சொல்கிறார். படத்தின் அளவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் படம் நீளம், அவர் சட்டம் கிட்டத்தட்டச் சதுரம். அதற்காக இன்னும் கொஞ்சம் வெட்டினேன். பிறகு அந்த ஞாயிறு முழுவதும் மேகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, லென்ஸில் இருந்த தூசு விழுந்த இடங்களை ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தேன். மேகம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. படத்தை முழுசாகப் பார்க்கவும் தோன்றவில்லை. அப்படியே கடைக்கு அனுப்பி அச்சடித்து, சட்டத்தில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

சாமி அறையில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, ரசமட்டம் வைத்து மாட்டினேன். அப்பா படத்தையும் நான்தான் மாட்டியது. அது தயாரான விதத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயதில் அப்பா திடீரென்று இறந்துபோனார். கருமாதிக்கு வைக்க அவர் தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. எங்கள் வீடுகளில் அது புதிதில்லை. உயிரோடு இருக்கும்போது யாரும் தனியாகப் படம் எடுத்துக்கொள்வதில்லை, இறந்த பிறகு கும்பலாக எடுத்த படத்திலிருந்துதான் ஆளைப் பிரித்தெடுப்போம். பல வருடத்துக்கு முன் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் குடும்பமாக எடுத்த படம் ஒன்றே ஒன்று இருந்தது. அப்பா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஸ்டூடியோக்காரர் குழம்பிவிடக் கூடாது என்று, ஸ்டீல் ரூலரும் பிளேடும் வைத்து அப்பாவின் தலையையும் தோளையும் நானே நறுக்கிக் கொடுத்தேன். அவர் நீல வானம் ஒன்றைப் பின்னால் தீட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தார். கீழே இடது ஓரத்தில் வெள்ளையாக ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, அப்பாவின் துண்டாக இருக்கும். அதை அழிக்கச் சொல்லியும் அவர் மறந்துவிட்டார். முப்பத்திரண்டு வருடமாக அந்த வெள்ளை என் கண்ணைக் குத்திக்கொண்டிருக்கிறது.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புதுப் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். மேகத்தைப் பார்த்தாள், மூன்று நட்சத்திரங்களையும் பார்த்தாள். அவள் விரல் கண்ணாடி மேல் மெதுவாக நகர்ந்து மேலே போயிற்று, திரும்பக் கீழே வந்தது.

"இதுல அவன் எங்கடா?" என்றாள்.

இதோ என்று நான் விரலை நீட்டினேன். மூன்று நட்சத்திரங்களிலிருந்து நேர் மேலே போனால் திருவாதிரை. போனேன். என் விரல் படத்தைத் தாண்டி, தங்க நிறப் பூவைத் தாண்டி, சுவரில் போய் நின்றது.

வெட்டிவிட்டேன். எதற்காகப் பதினொரு மாலை அலைந்தேனோ அதையே வெட்டி எறிந்துவிட்டேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அடித்துக்கொண்டது என் தலையில் இல்லை. மாமா மேல் பாய்ந்தேன். வடக்கு தெற்கு என்று உயிரை எடுத்தது அவர்தான், அளவு கேட்காமல் சட்டம் வாங்கியதும் அவர்தான் என்று கத்தினேன். வெட்டியது யார் கை, கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வெட்டினாய் என்று அவரும் திருப்பிக் கத்தினார். சாமி அறை என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டு கிழவர்கள், சிறுபிள்ளைகள் மாதிரி.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சண்ட போடாதீங்க," என்றாள். "தம்பி வெட்டுனது இது மொத தடவ இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவள் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி, அப்பா படத்தின் கீழ் ஓரத்தில் இருந்த அந்த வெள்ளையைச் சுட்டிக் காட்டினாள்.

"இது துண்டு இல்லடா. அவனோட குல்லா. அப்பா மடியில உக்காந்திருந்தான்."

மாமா சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். வெட்டும்போது நான் பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் எப்படி வெட்ட முடியும்? அப்பாவின் தோளிலிருந்து நேராகக் கோடு இழுத்தது ஞாபகம் இருக்கிறது. ரூலர் வழுக்காமல் இருக்க அடியில் பேப்பரை மடித்து வைத்தது ஞாபகம் இருக்கிறது. நறுக்கிய பிறகு நாலு பக்கமும் ரொம்ப நேராக வந்திருக்கிறது என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பிள்ளையின் முகம் மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. மிச்சத் துண்டுகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டவன் நான். இறந்து ஆறு வருடம் ஆகியிருந்த பிள்ளையின் ஒரே படம் அது.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் கோபமாகத்தான் வந்தது. எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தெரியவில்லை.

"நீ அழுதுகிட்டே வெட்டுன. அந்த நேரத்துல என்னத்தச் சொல்றது? மறுநா போய்க் குப்பையில தேடுனேன். எரிச்சிட்டாங்க."

பிறகு அவள் எழுந்து போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். இந்த இழவு மென்பொருளில் ஒரே ஒரு நல்ல குணம் உண்டு, வெட்டியதை அது எரிப்பதில்லை. திருப்பியதையெல்லாம் பழையபடி திருப்பிவிட்டேன், வெட்டியதையெல்லாம் விரித்துவிட்டேன். அடுக்கி முடித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே மொத்தமும் வந்து நின்றது. நாலு பக்கமும் துருத்திய ஓரம், மூலையில் கறுப்பு முக்கோணங்கள், சாய்ந்த நட்சத்திரங்கள். அந்தச் சொரசொரப்பான மூலையில், நான் எப்போதும் முதலில் வெட்டி எறியும் இடத்தில், திருவாதிரை இருந்தது. கை பரபரத்தது. ஒரு ஓரத்தை மட்டும் ஒழுங்கு பண்ணலாமா, ஒரு பாகையாவது திருப்பலாமா என்று இரண்டு தடவை மவுஸைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தேன். பிறகு மூடிவிட்டேன்.

அச்சடிக்கும் கடை முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஒரு சீனர், என்னோடு மலாயில்தான் பேசுவார். படத்தைத் திரையில் பார்த்ததும் ரோசாக், ரோசாக் என்று தலையை ஆட்டினார். கெட்டுப்போன படத்தைக் கொண்டுவந்திருக்கிறேனாம். ஓரத்தைச் சும்மாவே வெட்டித் தருகிறேன் என்று கத்திரிக்கோல் குறியை அதன் மேல் கொண்டுபோனார். வேண்டாம் என்றேன். இரண்டே நிமிடம், அழகாகிவிடும் என்றார். நான் போட்ட சத்தத்தில் கடையில் இருந்த இன்னொரு ஆள் திரும்பிப் பார்த்தார். தவுக்கே கையை எடுத்துவிட்டு அப்படியே அச்சடித்துக் கொடுத்தார். படத்தின் அளவுக்கே சட்டம் செய்யச் சொன்னேன், பூ வேலை இல்லாமல்.

அடுத்த ஞாயிறு அதை அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். சட்டம் நேராக இருக்கிறது, உள்ளே வானம் கோணலாக இருக்கிறது. மாமா பார்த்தார். இந்தத் தடவை மேல்பக்கம் எந்தத் திசை என்று கேட்கவில்லை. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை, அவள் விரல் நேராக மூலைக்குப் போய் அதைத் தொட்டது.

பிறகு பூசைத் தட்டை எடுத்து வந்தாள். அப்பா படத்துக்குச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். என் படத்துக்கு வந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் மை டப்பா இருந்தது. மையைத் தொட்டு, கண்ணாடி மேல், திருவாதிரைக்குக் கொஞ்சம் தள்ளி, கறுப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

எனக்குப் பழைய எரிச்சல் திரும்ப வந்துவிட்டது. ஒரு முழு ஞாயிறு உட்கார்ந்து ஒவ்வொரு கறுப்புப் புள்ளியாகத் துடைத்தவன் நான். இருக்கிற இருட்டு போதாதென்று அதில் இன்னொரு புள்ளி. கறுப்பு வானத்தில் கறுப்புப் பொட்டு வைத்தால் யாருக்குத் தெரியும், குங்குமம் வைத்தாலாவது தெரியுமே என்று கேட்டேன்.

"குங்குமம் அப்பாவுக்கு," என்றாள். "கைப்புள்ளைக்கு மைதான்டா வைப்பாங்க. கண்ணுபடும்லா."

பொட்டு வட்டமாகக்கூட இல்லை, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. கைக்குட்டை என் சட்டைப் பையில்தான் இருந்தது, ரசமட்டத்துக்குப் பக்கத்தில். நான் அதை எடுக்கவில்லை.